மூன்று தகட்டில் ஒரு சினிமா

மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்பு வட்டாரத்தில், கான்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும், கம்சனுக்கும் இந்த ஊருக்கும் ஏதோ புராண சம்பந்தம் இருக்கும் போலும் என்று நினைக்கத் தோன்றும். பாவம், கம்சனுக்கு இதில் பங்கு இல்லை. மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் நிர்வாகம் செய்து, கடைசியில் 1764-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானை அந்தக் காலத்து ஜனங்கள் ‘கான் சாகிபு’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் வாய்க்கு வாய் மாறி, ‘கான்சா’ என்று தேய்ந்து, ஊர்ப் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

நகல் எடுக்கும் வித்தையின் முதல் விதி இதுதான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல, அதை மூன்றாமவர் திருப்பிச் சொல்லும்போது ஓர் எழுத்தாவது உதிர்ந்துவிடும். பேச்சுக்கு மட்டுமல்ல, ஓலைச் சுவடிக்கும் சினிமாச் சுருளுக்கும் இதே விதிதான். ஆனால் நம் கண்ணெதிரிலேயே இந்த விதி ஒரு சமயம் தலைகீழாக மாறியது. தேயாத நகல் ஒன்று உலகத்துக்கு வந்தது. அந்த நகல் கான்சாபுரம் போன்ற ஊர்களுக்கு என்ன செய்தது, என்ன செய்யாமல் போயிற்று என்பதும் ஒரு சரித்திரம்தான். ராஜாக்கள் யுத்தம் செய்தால்தான் சரித்திரம் என்பது என்ன கட்டாயம்?

சினிமா வியாபாரிகள் தமிழ்நாட்டை ‘ஏ’ சென்டர், ‘பி’ சென்டர், ‘சி’ சென்டர் என்று மூன்று வர்ணங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். புதுப் படம் முதலில் பட்டணத்தில் ஓடும். பிறகு ஜில்லாத் தலைநகர், பிறகு சிற்றூர், கடைசியில் கீற்றுக் கொட்டகை. கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் படச்சுருள் எத்தனையோ யந்திரங்களின் பல்சக்கரங்களில் உராய்ந்து உடம்பெல்லாம் கீறலாகியிருக்கும். கோடை வெயிலில் எடுத்த காட்சியிலும் ‘மழை’ பெய்யும். கதாநாயகன் பேச வாயைத் திறப்பான். அடுத்த கணம் சண்டை முடிந்து கீழே கிடப்பான். நடுவே இருந்தது எந்த ஊரிலோ அறுந்து போயிருக்கும். மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர்கள் அதையும் காசு கொடுத்துத்தான் பார்த்தார்கள்.

1980-களில் ‘டெக்’ வந்தது. டெலிவிஷன் பெட்டியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு படங்களை விடிய விடியப் போட்டுத் தீர்ப்பார்கள். ஆனால் அந்த நாடாவும் தேயும் ஜாதிதான். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று நாலாவது தலைமுறைக்கு வருவதற்குள் கதாநாயகிக்கும் கதாநாயகிக்குத் தோழிக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த நிலையில்தான் வட்டத் தகடு வந்தது. பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 1982-இல் பாட்டுக்கென்று கொண்டுவந்த குறுந்தகடு அது. 74 நிமிஷம் பாட்டுக் கேட்கலாம். அதே தகட்டில் சினிமாவையும் அடைத்துவிடலாமே என்று 1993-இல் ஒரு வழி வகுத்தார்கள். அதுதான் விசிடி. பாட்டு என்ன வேகத்தில் தகட்டிலிருந்து வருமோ, அதே வேகத்தில் படமும் வரும்படி பிழிந்து சுருக்கினார்கள். ஆகவே, பாட்டானாலும் படமானாலும் தகட்டுக்கு 74 நிமிஷந்தான். குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி. அதற்கு மேல் தெளிவு கேட்கக் கூடாது.

மேல்நாட்டுப் படம் ஒன்றரை மணியிலோ இரண்டு மணியிலோ முடிந்துவிடும். நம் படம் அப்படியா? ஆறு பாட்டு, நாலு சண்டை, தனியாக ஒரு ஹாஸ்யக் கதை என்று இரண்டரை மணிக்கு மேல் போகும். இரண்டு தகட்டுக்கு 148 நிமிஷம். இரண்டு நிமிஷம் மிஞ்சினாலும் மூன்றாவது தகடு வேண்டும்! கொட்டகையில் ஒரே ஓர் இடைவேளைதான், வீட்டில் இரண்டு. அதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காரணம், இந்தத் தகட்டில் மழை பெய்யவில்லை. தகட்டில் இருப்பது வெறும் எண்கள். எண்களைச் சரியாகப் பெயர்த்து எழுதினால் நூறாவது பிரதியும் முதல் பிரதியைப் போலவே இருக்கும். தவிர, விசிடிக்குப் பூட்டு என்ற ஒன்றை யாரும் வைக்கவே இல்லை. கம்ப்யூட்டரும் தகட்டில் எழுதும் கருவியும் உள்ள எந்தக் கடைக்காரனும் பிரதி எடுக்கலாம். வரிசையில் கடைசியில் நின்ற கிராமத்துக்குப் பட்டணத்துப் படம் பட்டணத்தோடு கூடவே வந்து சேர்ந்தது. தயாரிப்பாளர் வீட்டில் அழுகையும் அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

எண்கள் தேயவில்லையே, இனிக் கவலை என்ன என்று கேட்கலாம். ஓலை தேய்ந்தாலும் கண் உள்ளவன் படிப்பான். இந்தத் தகட்டையோ மனிதக் கண் படிக்க முடியாது. யந்திரம் படிக்க வேண்டும். யந்திரத்துக்கோ ஜாதி ஆசாரம் அதிகம்.

1996-இல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தோஷிபா கோஷ்டி மறு பக்கம் என்று இரண்டு விதத் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்று, 1995-இல் ராஜி செய்துகொண்டார்கள். ஒரே தகட்டில் முழுப் படமும் அடங்கியது. தெளிவோ விசிடியைப்போல் நாலு மடங்கு. ஆனால் அதன் ஒளிக்கதிர் வேறு. குறுந்தகட்டைப் படிப்பது கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் கதிர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்புக் கதிர். ஆலையில் அச்சடித்த பழைய குறுந்தகட்டைச் சிவப்புக் கதிர் ஒருவாறு படித்துவிட்டது. கடையில் எழுதிய தகட்டில் இருப்பதோ ஒரு சாயம். சிவப்புக் கதிர் பட்டால் அந்தச் சாயம் சரியாகத் திருப்பி அனுப்பாது. ஆகவே ஆரம்ப கால டிவிடி யந்திரங்கள் பல, வீட்டில் எழுதிய தகட்டைப் போட்டால் ‘இதில் ஒன்றுமே இல்லை’ என்று சாதித்தன! பிறகு யந்திரத்துக்கு இரண்டாவதாக ஒரு கதிரையும் பொருத்திச் சமாதானம் செய்தார்கள்.

அடுத்து எழுதும் டிவிடி. 1997-இல் ‘டிவிடி மைனஸ் ஆர்’ வந்தது. 2002-இல் வேறொரு கோஷ்டி ‘டிவிடி பிளஸ் ஆர்’ என்று கொண்டுவந்தது. இரண்டுக்கும் கொள்ளளவு ஒன்றுதான், உருவமும் ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருமாள் ஒருவரே, நாமம் மாத்திரம் இரண்டு! மைனஸ் யந்திரம் பிளஸ் தகட்டை உள்ளே விடாது. பிளஸ் யந்திரம் மைனஸ் தகட்டில் எழுதாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பிளஸ் தகட்டின் நெற்றியில் ‘நான் ஆலையில் அச்சடித்த அசல் டிவிடி’ என்று பொய் நாமம் இட்டுவிட ஒரு வழி இருந்தது. பழைய யந்திரம் அதை நம்பி வாசலைத் திறந்துவிடும். கடைசியில், 2002-ஆம் வருஷத்திலேயே, இரண்டு ஜாதித் தகட்டிலும் எழுதும் கருவியைச் சோனி விற்கத் தொடங்கியது. சண்டை அப்படியே அடங்கிப் போயிற்று.

பூட்டின் கதை இன்னும் ருசிகரமானது. டிவிடிக்காரர்கள் உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாவது. ருஷியாவும் ஆப்பிரிக்காவின் பெரும் பகுதியும் நம்மோடு பந்தியில் உட்கார்ந்தன. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பிய டிவிடியை, ராஜபாளையத்தில் மாமனார் வீட்டு யந்திரம் ‘மண்டலம் தவறு’ என்று திருப்பிவிடும். மூர் மார்க்கெட் பக்கமோ பர்மா பஜாரிலோ வாங்கிய திருட்டுத் தகடு எந்த மண்டலத்திலும் ஓடும்! காசு கொடுத்தவனுக்குப் பூட்டு, திருடினவனுக்குத் திறந்த வாசல். 1999-இல் அந்தப் பூட்டின் சாவியை, நார்வே நாட்டில் ஜான் யோஹான்சன் என்ற பள்ளிப் பிராயத்துப் பையனும் கூட்டாளிகளும் சேர்ந்து வெளியிட்டார்கள். அவன்மேல் வழக்குப் போட்டார்கள். 2003-இல் நீதிமன்றம், தான் விலை கொடுத்து வாங்கிய தகட்டைத் தான் பார்ப்பது குற்றமில்லை என்ற கருத்தில் அவனை விடுதலை செய்தது.

தமிழ்நாட்டில் சட்டம் வேறு திசையில் போயிற்று. கள்ளச் சாராயக்காரர், போதை மருந்து விற்பவர், குண்டர் ஆகியோரை அடைத்து வைக்க 1982-இல் செய்த சட்டத்தில், 2004-இல் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். கடன் வாங்கிப் படம் எடுத்தவரின் பிழைப்பு, வெளியான அன்றே தெருவில் கூறுகட்டி விற்கப்படும்போது, சர்க்கார் கை கட்டி நிற்க முடியாது என்பது நியாயந்தான். ஆனால் கிராமத்துக்காரன் திருட்டுத் தகட்டை ஏன் வாங்கினான் என்ற கேள்விக்குப் போலீஸ்காரர் பதில் சொல்ல முடியாது. வியாபாரிதான் சொல்ல வேண்டும். 2007-இல் மோசர் பேயர் என்ற இந்தியக் கம்பெனி சொல்லிப் பார்த்தது. அசல் விசிடி 28 ரூபாய், அசல் டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்தது. ஜனங்கள் வாங்கினார்கள். குறைந்த விலைக்குக் கிடைத்தால் நேர்மையாக இருக்க நம்மவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பது நிரூபணமாயிற்று. 2015-இல் டைரக்டர் சேரன், ‘சினிமா டு ஹோம்’ என்ற திட்டத்தில் தம் படத்தைக் கொட்டகைக்கு முன்பாகத் தகட்டிலேயே வெளியிட்டார். ஆனால் அதற்குள் தகட்டின் காலமே முடியத் தொடங்கியிருந்தது. மோசர் பேயரும் 2018-இல் கலைப்புக்குப் போயிற்று.

நகல் எடுப்பது பாவமா, புண்ணியமா? சரித்திரத்தைக் கேட்டால் இரண்டும்தான் என்று சொல்லும். 1931-இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. அதன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற ஊமைப்படத்துக்கும் அதே கதி. நம் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, அது வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம் நிற்கும். ‘காளிதாஸை’ப் பிரதி எடுக்க இன்று யாரும் தடை சொல்லப் போவதில்லை, எடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

டாக்டர் சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எதனால்? யார் யாரோ, எந்தெந்த ஊர்த் திண்ணைகளிலோ உட்கார்ந்து, ஓலை இற்றுப் போகுமுன் அதைப் புது ஓலையில் பெயர்த்து எழுதி வைத்ததனால்தான். பெயர்த்து எழுதாத ஏடுகளை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். விட்டவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். படிக்க ஆளில்லாத ஏட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தவர்கள்.

இன்று நம் வீடுகளில் அதே கட்டம் வந்திருக்கிறது. கல்யாண வீடியோ, தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி, கடையிலும் கிடைக்காத ஒரு பழைய படம், எல்லாம் தகட்டில் எழுதிப் பெட்டியில் கிடக்கின்றன. எண்கள் தேயவில்லை, ஆனால் அவற்றைத் தாங்கும் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் வெளுத்து வருகிறது. புதுக் கம்ப்யூட்டர்களில் தகடு போடும் வாயே கிடையாது. வீட்டில் எழுதும் புளூரே தகட்டை உற்பத்தி செய்வதைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. கான் சாகிபின் பெயர் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததென்றால், அதைச் சொல்ல வாய்களும் கேட்கக் காதுகளும் விடாமல் இருந்ததுதான் காரணம். தேய்ந்த நகல் பிழைத்துக்கொண்டது. தேயாத நகலோ படிக்க ஆளில்லாமல் பெட்டிக்குள் கிடக்கிறது.

ஆகவே, வாசகர்கள் இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும் ஒரு காரியம் செய்யலாம். பரண்மேல் இருக்கும் அந்தப் பெட்டியை இறக்குங்கள். தெருவில் யாருடைய வீட்டிலாவது தகடு படிக்கும் யந்திரம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கும். அது கண்ணை மூடுவதற்குள் பெயர்த்து எழுதிவிடுங்கள். அடுத்த ஆடிப் பெருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.