பாதி வீடும் முழுக் கையெழுத்தும்

யாழ்ப்பாணத்து ஊர்களில் ஒரு வளவைக் காட்டி "இது ஆற்றை காணி?" என்று கேட்டால், பல இடங்களில் ஒரு பெண்ணின் பெயரே பதிலாக வரும். மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்கும்போதே வீடும் காணியும் நொத்தாரிசு முன்னிலையில் சீதன உறுதியாக எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். இதைப் பார்க்கும் வெளியூரார், யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சொத்தில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பது பாதிக் கதைதான். அதை விற்க யார் கையெழுத்து வேண்டும் என்பதில் இருக்கிறது மீதி.

இந்த வழமைகள் எழுத்தில் ஏறியது ஒல்லாந்தர் காலத்தில். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்குகளைத் தீர்ப்பது அவர்களுக்குப் பெரும் தலையிடி. முறை எல்லாம் ஊர்ப் பெரியவர்களின் வாயில் இருந்ததே தவிர ஏட்டில் இல்லை. ஆளுநர் சிமோன்ஸின் கட்டளைப்படி, அங்கே நெடுங்காலம் இருந்து பழகிய திசாவை (மாகாண நிர்வாகி) கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் திரட்டி 1707 ஜனவரியில் கையளித்தார். அதைத் தமிழாக்கி, பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. பின்னர் வந்த ஆங்கிலேயர், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால், தேசவழமை எனப்படும் இந்தத் தொகுப்புக்கு முழுச் சட்ட வலுக் கொடுத்தார்கள்.

தேசவழமை ஒரு குடும்பத்தின் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கணவன் தன் பெற்றோர் வழியில் கொண்டுவந்தது முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழும் காலத்தில் வந்து சேர்ந்தது தேடியதேட்டம். பழைய முறையில் தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது. தேடியதேட்டம் எல்லாருக்கும் சமம். போர்த்துக்கேயர் காலத்திலேயே இது குழம்பி, மூன்றிலிருந்தும் எடுத்து மகளுக்குச் சீதனம் கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டதாக ஐசாக்ஸின் தொகுப்பே சொல்கிறது. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள் அதோடு பெற்றோர் சொத்தில் மேலும் பங்கு கேட்க முடியாது என்பதும் வழமைதான்.

பிள்ளைகள் இல்லாத தம்பதியரின் கணக்கைப் பார்த்தால்தான் இந்தப் பாகுபாட்டின் கருத்து துலங்கும். ஒருவர் இறந்தால் முதுசம் கணவன் பக்கத்து உறவுக்கும், சீதனம் மனைவி பக்கத்துக்கும் திரும்பிவிடும். தேடியதேட்டம் மட்டும் சரிபாதியாகப் பிளக்கும். சம்பாதித்தது யார், உறுதி யார் பெயரில் என்ற கேள்வியே அங்கே எழாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு புது அர்த்தம் வந்தது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்களாக அமர்ந்தார்கள். சம்பளம் மாதாமாதம் ஊருக்கு வந்தது, காணிகள் வாங்கப்பட்டன, பென்சனோடு திரும்பியவர்கள் கல்வீடு கட்டினார்கள். கோலாலம்பூரில் பேரேடு எழுதியவர் கணவர். ஊரில் பிள்ளைகளையும் தோட்டத்தையும் பார்த்தவள் மனைவி. பேரேட்டுக்கு மட்டும்தான் கூலி என்று தேசவழமை சொல்லவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டமும் அதையே கறாராகச் சொன்னது: தேடியதேட்டம் எவர் தேடியதாயினும், எவர் பெயரில் இருந்தாலும், இருவருக்கும் சமமாக உரியது. தீவின் மற்ற மக்களிடையே ரோமன்-டச்சுச் சட்டம் வைத்திருந்த இதுபோன்ற பொதுச்சொத்து முறை 1876லேயே ஒழிக்கப்பட்டிருந்தது. அந்த வகையில் யாழ்ப்பாணம் முந்தி நின்றது.

பேனா மட்டும் ஒருவர் கையிலேயே இருந்தது. பொதுச்சொத்தின் நிர்வாகி கணவன். மனைவியைக் கேளாமலே அவன் அதை விற்கலாம், ஈடு வைக்கலாம் என்பதே நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலை. அதே 1911 சட்டத்தின் 6ஆம் பிரிவோ, மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்குக்கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றது. அப்பன் ஆத்தை எழுதிக் கொடுத்த சீதன வளவும் இதில் அடக்கம். மரணசாசனம் எழுதத் தடையில்லை. அதாவது தன் காணியைத் தன்னிச்சையாகக் கொடுக்க அவள் செத்துப்போக வேண்டும். 1923இல் மணமான பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை தந்த சட்டம் வந்தபோதும், தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

1911 சட்டத்துக்கு 1947இல் வந்த திருத்தம் கிடைத்ததிலும் கொஞ்சத்தை எடுத்தது. இருவருக்கும் சமம் என்ற வரி நீக்கப்பட்டு, ஒருவர் இறந்தால் அவருடைய தேடியதேட்டத்தில், விற்காமலும் சாசனம் எழுதாமலும் எஞ்சியதில் பாதி மற்றவருக்கு என்று மாறியது. வாழும்போது பங்காளியாக இருந்தவள் வாரிசு ஆனாள். உறுதியில் காணாத ஒரு பாதி ஒளிந்திருப்பது காணி வாங்குபவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் உபத்திரவம் என்பது மெய்தான். அதற்கு இருவர் பெயரையும் உறுதியில் எழுதச் செய்திருக்கலாம்.

பாக்கு நீரிணைக்கு இப்பால் கதை வேறு. கோவாவில் போர்த்துக்கேயர் விட்டுப்போன குடியியல் சட்டம் தம்பதியருக்குப் பொதுச்சொத்து முறையைத் தருகிறது. இந்தியாவின் பெரும்பாலான மற்ற பகுதிகளில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சவூதியில் உழைத்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்துகளில், ஊரில் குடும்பத்தை நடத்திய மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். மலாயாப் பென்சன்காரரின் மனைவிக்கு 1911 சட்டம் ஒரே வரியில் கொடுத்ததை, இங்கே ஒரு பெண் வழக்காடிப் பெற வேண்டியிருந்தது.

இலங்கையில் 6ஆம் பிரிவை நீக்கும்படி பெண்கள் அமைப்புகள் கேட்டுவருகின்றன. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவும் தேசவழமையின் இந்தக் கட்டுப்பாட்டைச் சுட்டியிருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாகச் சம்மதம் தரலாம் என்று சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. போரில் கணவன் காணாமல்போன வடக்குப் பெண்கள் காணி விற்க இந்த வழியைத்தான் நாட வேண்டும். தேசவழமை ஆளோடு போகும் சட்டம் என்பதால் ஊரை விட்டு வந்தாலும் விடுவதில்லை: கொழும்பில் தன் சம்பளத்தில் அடுக்குமாடி வீடு வாங்கும் யாழ்ப்பாணப் பெண் அதை வங்கியில் ஈடு வைக்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் காட்டவேண்டும். அதே கட்டடத்தில் வீடு வாங்கும் சிங்களப் பெண்ணிடம் அப்படி எதையும் சட்டம் கேட்பதில்லை.