அலிகேட்டர் களை

தென் அமெரிக்காவிலிருந்து வந்த நீர்நிலைக் கொடி; தாவரவியல் பெயர் ஆல்டர்னாந்திரா ஃபிலாக்சராய்டிஸ். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஆகாயத்தாமரையின் ஊதாப் பூ எல்லார் கண்ணிலும் படும், இதுவோ தப்பிவிடும். மயிலாப்பூர்க் கீரைக்கடைப் பொன்னாங்கண்ணியின் நெருங்கிய உறவு என்பதால் தோற்றமும் அப்படியே.

இரண்டையும் பிரித்தறியப் பூவைப் பார்த்தால் போதும். பொன்னாங்கண்ணியின் வெண்பூங்கொத்து இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருக்கும். இதன் பூங்கொத்து சில சென்டிமீட்டர் நீளக் காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கும். முதிர்ந்த தண்டு உள்ளீடற்று இருப்பதால் எளிதில் மிதக்கும்.

வந்தேறிய நாடுகளில் முளைக்கும் விதை மிக அரிது. கணுவுள்ள ஒரு தண்டுத் துண்டே வெள்ளத்தோடு போய் வேர்விடும். அரைகுறையாக வெட்டி நீரிலேயே விடுவது களையெடுப்பு அல்ல, நடவு.

ஆஸ்திரேலியாவில் 1990களில், இலங்கை வம்சாவளியினரின் வீட்டுத் தோட்டங்களில் இது பொன்னாங்கண்ணி என்றே கருதி வளர்க்கப்பட்டது தெரியவந்தது. மாற்றாக அந்நாட்டில் இயல்பாக வளரும் வேறொரு ஆல்டர்னாந்திரா இனம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது.