கூட்டரசு மானியச் செலவுக் கண்காணிப்பு (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மத்திய அரசாங்கம் ஒரு மாநிலத்திற்கு வழங்கும் மானியத் தொகை, மாநில இலாகாக்கள், நகரசபைகள், தர்ம ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் வழியே இறுதியில் எவரைச் சென்றடைந்து எக்காரியத்திற்குச் செலவாகிறது என்பதைப் பதிவுசெய்து பரிசோதிக்கும் முறை. மானியங்கள், சட்டம் வகுத்த சூத்திரப்படி பங்கிடப்படுவன, போட்டி விண்ணப்பத்தின்பேரில் அளிக்கப்படுவன எனப் பெரும்பாலும் இருவகைப்படும். பரந்த நோக்கங்களுக்கான தொகுப்பு மானியங்களில் மாநிலத்தின் சுதந்திரம் அதிகமாதலின், அவற்றின் தடத்தைத் தொடர்வது கடினமாகும்.

மானியந்தோறும் தனித்தனியே நடைபெற்ற தணிக்கைகளை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக இணைத்தது. 2006இல் இயற்றப்பட்ட சட்டம், மானிய விவரங்களைப் பொதுஜனங்கள் தாமே தேடிக் காணத்தக்க இணையப் பதிவேட்டில் வெளியிடுமாறு பணிக்க, அப்பதிவேடு 2007 டிசம்பரில் தொடங்கிற்று. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அத்தரவுகளுக்குப் பொதுவான இலக்கணத்தை விதித்தது.

ஆயினும், மாநிலம் முழுமைக்கும் உரிய தொகை தலைநகரிலுள்ள இலாகாவின் பெயரில் வரவு வைக்கப்படுவதால், அது தலைநகரப் பிரதேசத்திலேயே செலவானதுபோல் கணக்கில் தோற்றமளிக்கக்கூடும். மத்திய அரசாங்கத்திடம் மானியம் பெறும் முதன்மைப் பெறுநர் தம்மிடமிருந்து நேரே மானியம் பெறுவோரை மட்டுமே அறிவிக்கக் கடமைப்பட்டவராதலின், அதற்கப்பால் கைமாறும் பணம் பதிவேட்டுக்குப் புலப்படாமற்போவது இம்முறையின் பிரதான குறைபாடு.