முதுமைப் பாகுபாடு

ஒருவரின் திறமையையோ உடல்நிலையையோ பார்க்காமல், வயதை மட்டும் வைத்து அவரை எடைபோட்டு ஒதுக்குவது முதுமைப் பாகுபாடு. 1969-இல் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். வாஷிங்டனின் செவி சேஸ் பகுதியில், வருமானம் குறைந்த முதியவர்களைக் குடிவைக்க ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தை வாங்கும் முயற்சி நடந்தது. அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். அந்த எதிர்ப்பில் வயதானவர்கள் மீதான வெறுப்பும் இருப்பதைப் பட்லர் கண்டுகொண்டார். அவரே தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். முதுமை குறித்த அவரது நூல் 1976-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

பல நேரங்களில் இந்தப் பாகுபாடு அக்கறை என்ற பெயரில்தான் வருகிறது. மருத்துவரின் எதிரே எழுபது வயது அம்மா உட்கார்ந்திருப்பார், "அம்மாவுக்கு என்ன பண்ணுது?" என்ற கேள்வி மகனிடம் போகும். மறதி என்றாலும் தூக்கமில்லை என்றாலும் "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. வயதைக் காரணம் காட்டிப் பரிசோதனையே செய்யாமல் அனுப்புவது பெரிய அநீதி.

அடிக்கடி கேட்கும் பேச்சை முதியவர்களும் நம்பத் தொடங்குகிறார்கள். "இனிமே எனக்கு எதுக்கு?" என்று புதுக் கண்ணாடியைக்கூட மறுக்கிறார்கள். இந்த நம்பிக்கை உடலையும் பாதிக்கக்கூடும். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் சக ஆய்வாளர்களும் ஒஹாயோவில் 50 வயதைக் கடந்த 660 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்.

வேலையிடத்தில் இது வெளிப்படையாகவே நடந்தது. அமெரிக்கப் பெண்மணி மேகி கூன் 65 வயதானதும் 1970-இல் தேவாலய அமைப்பில் பார்த்த வேலையிலிருந்து கட்டாயமாக ஓய்வுபெற வைக்கப்பட்டார். அவர் ஓய்ந்துவிடவில்லை, நண்பர்களோடு சேர்ந்து 'கிரே பாந்தர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கி, இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். 1986-இல் அமெரிக்கா பெரும்பாலான வேலைகளில் கட்டாய ஓய்வு வயதை நீக்கியது. இந்தியாவிலோ 2007-இன் மூத்த குடிமக்கள் சட்டம் பராமரிப்பையும் சொத்துப் பாதுகாப்பையுமே முதன்மையாகப் பேசுகிறது, வேலையிடப் பாகுபாட்டை அல்ல.

உலகில் இருவரில் ஒருவர் முதியவர்கள்மீது தப்பெண்ணம் கொண்டவர் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021 அறிக்கை. சட்டம், கல்வி, தலைமுறைகளுக்கு இடையே பழக்கம் ஆகிய மூன்றையும் அது தீர்வாக முன்வைக்கிறது.