செயின்ட் ஆண்ட்ரூஸை நாடுவது ஏன்?

கோல்ஃப் ஆடுவோர் மைதானத்தை அழகுக்காகவோ சவாலுக்காகவோ தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பொதுக் கருத்து. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் அதற்கு ஒத்துவராது. மேடுபள்ளமான, மரங்களற்ற கடலோரப் புல்வெளி அது, பார்த்தவுடன் மயக்கிவிடாது. அதன் ஈர்ப்பு வரலாற்றிலும் உரிமையிலும் இருக்கிறது. அந்நிலத்தில் ஊர்மக்கள் கோல்ஃப் ஆடும் உரிமையைப் பேராயர் ஜான் ஹாமில்டனின் 1552-ஆம் ஆண்டுச் சாசனம் ஏற்றுக்கொண்டது. 1764-இல் அங்கே 22 குழிகள் 18 ஆக்கப்பட்டன. பின்னாளில் உலகமே அந்தக் கணக்கைப் பின்பற்றியது. தம் ஊர் மைதானத்தின் இலக்கணம் பிறந்த மண்ணில் ஆடவே மற்ற ஊர்க்காரர்கள் அங்கே போகிறார்கள்.

1852-இல் வந்த ரயிலும், அதே காலத்தில் பரவிய மலிவான கட்டாபெர்ச்சா (மரப்பால்) பந்தும்தான் கூட்டத்தைச் சேர்த்தன என்று வாதிடலாம். அவை வழியைத் திறந்தன என்பது மெய்யே. ஆனால் ஸ்காட்லாந்தின் இன்னொரு கோல்ஃப் ஊரான பிரெஸ்ட்விக்கில் ரயில் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருந்தது. 1860-இல் முதல் ஓப்பன் போட்டி நடந்ததும் அங்கேதான். இருந்தும் 1925-க்குப் பிறகு அப்போட்டி அங்கே திரும்பவில்லை. பழம்பெருமையும் போக்குவரத்தும் மட்டும் போதவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் நிலத்தையோ 1894-இல் நகரசபை நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடு மீட்டுப் பொதுச் சொத்தாக்கியது. அந்த ஊர்க் கிளப்புகளில் உறுப்பினராக இல்லாதவரும் இன்று குலுக்கலில் பெயர் கொடுத்து அங்கே ஆட முடியும். பெருமை ஆளை வரவழைக்கும். திறந்த வாசல்தான் அதை நிலைக்கவைக்கும்.