கை நடுக்கமும் மனச்சோர்வும்



கோடு பிசகாமல் பால்மரம் சீவிய கை, முதுமையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நடுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பெரியவர் சிரிப்பை மறந்து, பேச்சைக் குறைத்து, மூலையில் ஒதுங்கிவிடுவதையும் காண்கிறோம். "நடுக்கத்தை நினைத்து மனம் விட்டுப்போயிற்று" என்கிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் நடுக்கத்தை மட்டுமே பெரிதாகக் கருதியது. அக்கருத்து எப்படி மாறியது என்று இன்று பார்ப்போம்.

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு நோயாளிகளை வைத்து இந்நோயைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று எழுதினார். பின்னர் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார்.

திருப்பம் ஓர் இந்திய மூலிகையால் வந்தது. அதுதான் சர்ப்பகந்தா. அதன் வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதை உண்டவர்களுள் சிலருக்கு நடுக்கமும் உடல் இறுக்கமும் உண்டாயின. சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் மருத்துவர்கள் குறித்தனர். மனச்சோர்வுக்கு ரெசர்பின்தான் காரணமா என்பதில் இன்று கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அக்கேள்வி மூளையின் இரசாயனங்களை ஆராயத் தூண்டியது.

1957இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை லெவோடோபா கொடுத்து எழுந்து நடமாட வைத்தார். 1960இல் வியன்னாவில், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் என்னும் பொருள் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. கார்ல்சன் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

டோபமின் கைகால் அசைவுக்கு மட்டுமன்று, மனத்தின் ஊக்கத்துக்கும் வேண்டும். இந்நோயில் செரட்டோனின் போன்ற வேறு பொருள்களும் குறைகின்றன. ஆகவே மனச்சோர்வு துயரத்தால் மட்டும் வருவதன்று. நோயின் ஒரு பகுதியாகவும் வருகிறது. ஏறக்குறைய மூவரில் ஒருவரை அது பற்றுகிறது. சிலருக்கு நடுக்கம் தோன்றுமுன்பே வந்துவிடுகிறது.

எனவே நேயர்களே, ஒதுங்கியிருக்கும் பெரியவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ள வேண்டாம். மருத்துவரிடம் செல்லும்போது கை நடுங்குவதை மட்டும் சொல்லாமல், உறக்கம், பசி, பேச்சு குறைந்ததையும் சொல்வோம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.