வரைபடம் இல்லாத கப்பல்

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அதில் ஒன்று தோணிபுரம். ஊழி வெள்ளத்தில் சிவனும் உமையும் தோணியில் வந்து தங்கிய ஊர் என்பது தலபுராணம். சட்டைநாதர் கோயிலில் படியேறிப் போனால் தோணியப்பரைப் பார்க்கலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பூம்புகார். பக்கத்துக் கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை கிடைச்சது. துறை இருக்கு. அங்கே வந்து நின்ற கப்பல் எப்படி இருந்தது? அளவு போட்ட ஒரு வரைபடம்கூட நம்மகிட்ட இல்லை.

இன்னிக்கு ஒருத்தர் பழைய மர வேகப்படகு ஒன்றை அப்படியே திரும்பச் செய்யணும்னா, வரைபடம் வாங்கி, அளவு பார்த்துப் பலகை அறுக்கலாம். அதுவே 1,500 வருஷப் பழைய கப்பல்னா?

அதைத்தான் 'கௌண்டின்யா'வில் செஞ்சு பார்த்தாங்க. கையில் இருந்த முக்கிய ஆதாரம் அஜந்தா குகையில் உள்ள 5-ஆம் நூற்றாண்டு ஓவியம். ஓவியத்தில் வடிவம் தெரியும். அளவு தெரியாது, உள்கட்டு தெரியாது. அதனால் கடற்படை ஒரு வடிவமைப்பை உருவாக்கியது. சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை, சின்ன மாதிரி செய்து நீரில் சோதித்தது. 2023 செப்டம்பரில் கோவாவில் வேலை தொடங்கியது. கட்டியவர்கள் கேரளத்து மரக்கலத் தச்சர்கள். தலைமை பாபு சங்கரன்.

இதில் பலகைகளை ஆணி அடிச்சுச் சேர்க்கலை. துளை போட்டு, தென்னங்கயிற்றால் தைச்சாங்க. இடுக்குகளைத் தேங்காய் நாரும் மரப்பிசினும் வச்சு அடைச்சாங்க. தைத்த படகு அலை மோதும்போது கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். துறைமுகம் இல்லாத காலத்து மதராஸில், கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகும் இதே மாதிரி தைத்ததுதான்.

சுமார் 20 மீட்டர் நீளம், சதுரப் பாய்கள், இன்ஜின் கிடையாது. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. டிசம்பர் 29-இல் போர்பந்தரிலிருந்து கிளம்பி, 2026 ஜனவரி 14-இல் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

அப்போ பழைய கப்பல் அச்சு அசலா இப்படித்தான் இருந்ததா? அப்படிச் சொல்ல முடியாது. இப்படி ஒரு கப்பல் கடல் தாண்டும் என்பது மட்டும் உறுதியாச்சு. ஓவியம் சொல்லாத இடங்களில் கணக்கும் தச்சர்களின் கையும்தான் வழி காட்டின.

நம்ம கரைக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். கட்டுமரம் குறைஞ்சு போச்சு. மீனவர்களைக் குறை சொல்ல முடியாது. அது அவங்க பிழைப்பு. ஆனா கட்டுமரத்துக்கும் வரைபடம் கிடையாது. எந்த மரம், எங்கே செதுக்கணும், கயிறு எவ்வளவு இறுகணும் என்பதெல்லாம் சில பெரியவர்களின் கையில்தான் இருக்கு.

அடுத்த தடவை பூம்புகார் போனா, கரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாத்தாகிட்டப் போய்க் கேளுங்க. சொல்லச் சொல்ல போனில் பதிவு பண்ணுங்க. கீழையூர்க் கப்பலுக்கு யாரும் அதைச் செய்யலை.